முதுகலை மாணவர்களின் வாசிப்புத் திறனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வுக் கட்டுரைகளை முதுகலை மாணவர்கள் எந்த அளவுக்குப் புரிந்து படிக்கிறார்கள் என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் ஒரு வினாப்படிவத்தை நீட்டி மாணவரிடமே கேட்டுவிடுகிறார்கள். ‘முக்கியக் கருத்துகளை அடிக்கோடிடுகிறேன்: எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.’ இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மோக்தாரியும் ரீச்சர்டும் 2002-இல் வெளியிட்ட ‘மார்சி’ என்ற 30 கூற்று அளவுகோல் இதற்கு அடிக்கடி கைகொடுக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் வாசிப்பு உத்திகள் பற்றிய விழிப்புணர்வை அளக்கவே அது உருவானது. பக்கம் முழுக்க அடிக்கோடிட்டுவிட்டு, கட்டுரையின் வாதம் என்னவென்று சொல்லத் தெரியாமல் விழிப்பவரும் அதில் உயர்ந்த மதிப்பெண் பெறலாம். ‘திறன் உயர்வாக உள்ளது’ என்று நாம் முடிவெழுதிவிட்டால், அவருக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலே போய்விடும்.

பத்தி கொடுத்துக் கேள்வி கேட்பது மேல். ஆனால் என்ன கேள்வி? ‘குறைவாகத் தூங்கிய மாணவர்களின் மதிப்பெண்ணும் குறைவாக இருந்தது’ என்று ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘எத்தனை பேரிடம் தரவு திரட்டப்பட்டது?’ என்றால் எண்ணைத் தேடிப் பிடித்தால் போதும். பள்ளி மாணவனும் செய்துவிடுவான். ‘தூக்கத்தைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்று இதை வைத்துச் சொல்லலாமா? ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். தொடர்பையும் காரணத்தையும் பிரித்தறியத் தெரிகிறதா என்பது உடனே வெளிப்படும். ஆய்வுக்குள் நுழைகிறவரிடம் எதிர்பார்க்க வேண்டியது இந்தத் திறனைத்தான்.

கொள்குறி வினாக்கள் என்றால், பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் சிலரிடம் கொடுத்துச் சோதியுங்கள். நான்கு விடைகள் கொண்ட 20 கேள்விகளில் குருட்டாம்போக்கில் சுமார் 5 சரியாகும். அவர்கள் 11, 12 எடுத்தால் அந்தத் தேர்வில் வாசிப்புக்குப் பெரிய வேலை இல்லை. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு நடக்கும் எஸ்.ஏ.டி. தேர்வின் வாசிப்புக் கேள்விகளிலேயே இந்த ஓட்டையை 1990-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

முன்னறிவும் கணக்கைக் குழப்பும். ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்பால் நன்கு தெரிந்த சுமாரான வாசகர்கள், அந்த ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிடப் பேஸ்பால் பத்தியைச் சிறப்பாக நினைவுகூர்ந்தார்கள். எனவே ஒரே தலைப்பை நம்பாமல் இரண்டு மூன்று தலைப்புகளில் பத்திகளைக் கொடுங்கள்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்வழியில் பட்டம் பெற்றவர் ஆங்கிலப் பத்தியில் தடுமாறினால், தடுக்கியது வாசிப்பா, மொழியா? அதே கடினத்தில் ஒரு தமிழ்ப் பத்தியும் கொடுக்காமல் இதற்கு விடை காண முடியாது. குறைந்தபட்சம் விடையையாவது தமிழில் எழுத விடுங்கள்.

கடைசியாக, தேர்வின் நம்பகத்தன்மையைக் காட்டக் கணக்கிடும் ‘க்ரான்பாக் ஆல்ஃபா’ என்ற எண் 0.8-ஐத் தாண்டிவிட்டதென்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். கேள்விகள் தமக்குள் ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். எல்லாக் கேள்விகளும் ஒற்றுமையாகத் தவறான ஒன்றை அளந்துகொண்டிருந்தாலும் அந்த எண் உயர்வாகவே வரும்.