மாஃபுக்குள் உலோகத்தைப் பொருத்தும்போது எங்கே தவறுகிறோம்

மாஃப் என்பது உலோகக் கணுக்களைக் கரிம இணைப்பிகளால் கோத்துக் கட்டிய, துளைகள் நிறைந்த படிகச் சட்டகம். இணைப்பியில் இருக்கும் அமீன் (-NH2) குழுவில் ஒரு பிடியைக் கட்டி, அந்தப் பிடியில் பல்லேடியம் போன்ற உலோகத்தை உட்காரவைத்தால் அது வினையூக்கியாகும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் காலையில் பொரித்த அப்பளம் மதியத்துக்குள் நமுத்துப்போகும். கணவாய் வழியே வரும் அதே ஈரக்காற்றில், துத்தநாகக் கணுக்கள் கொண்ட ஐ.ஆர்.மாஃப்-3 தூளை ஓர் இரவு மூடாமல் வைத்துவிட்டேன். மறுநாள் எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனை) எடுத்தால் பழைய கோடுகளைக் காணோம். நீர், துத்தநாக-ஆக்சிஜன் பிணைப்பையே பிடித்து உடைத்துவிடும். 2007-இல் வாங், கோஹன் இருவரும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு பின்மாற்றம் (கட்டி முடித்த சட்டகத்தின் மேல் வேதிமாற்றம்) செய்து காட்டியது இந்த மாஃபில்தான். ஆனால் நம் ஊர் ஜூன் மாதத்தில் வினையூக்கிக்கு இதை எடுக்காதீர்கள். சிர்கோனியம் கணு உள்ள யூ.ஐ.ஓ.-66 என்ற மாஃபின் அமீன் வகை ஈரத்தைத் தாங்கும்.

அடுத்தது வாசல் அளவு. வாசலைவிடப் பெரிய கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோக முடியுமா? யூ.ஐ.ஓ.-66-இன் துளை வாசல் ஏறக்குறைய 6 ஆங்ஸ்ட்ராம்தான். பெரிய மூலக்கூறைக் கொடுத்தால் அது படிகத்தின் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்.ஆர்.டி. மாறாமல் அழகாக வரும், நாமும் நம்பிவிடுவோம். சட்டகம் நிற்கிறது என்றுதான் அது சொல்கிறது; உள்ளே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. நைட்ரஜன் உறிஞ்சலில் பரப்பளவையும் பாருங்கள். தூளைக் கரைத்து என்.எம்.ஆர். (மூலக்கூறுகளை அடையாளம் காட்டும் காந்த அலைமாலை) எடுத்தால் எத்தனை விழுக்காடு அமீன் மாறியது என்று கணக்கிடலாம். ஆனால் உலோகத்துக்குப் பிடியாகச் சாலிசிலால்டிஹைடை அமீனோடு இமீனாக (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பாக) கட்டியிருந்தால், அமிலத்தில் கரைக்கும்போது அந்த இமீன் உடைந்து ஆல்டிஹைடு திரும்ப வந்துவிடும். அது கட்டுண்டு இருந்ததா, துளைக்குள் சும்மா தங்கியிருந்ததா என்று அந்த எண் சொல்லாது. முன்னதாக நன்றாகக் கழுவியிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இனி நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். பல்லேடியம் உப்பைச் சேர்த்தோம், தூள் நிறம் மாறியது, வினை நடந்தது, சரி, வினையூக்கி தயார் என்று முடித்துவிடுகிறோம். உலோகம் நாம் கட்டிய இமீனில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதில் என்ன சாட்சி? உப்பு துளைக்குள் வெறுமனே தேங்கியிருக்கலாம். தூள் கறுத்துவிட்டால் பல்லேடியம் நுண்துகள்களாகிவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள். சூடான மெத்தனாலே அந்த வேலையைச் செய்துவிடும். பிடித்துக்கொள்ளும் குழு எதுவும் இல்லாத வெற்று யூ.ஐ.ஓ.-66-ஐயும் அதே உப்பில் ஊறவைத்து, அதே மாதிரி கழுவி, இரண்டையும் ஐ.சி.பி.யில் (உலோக அளவைக் காட்டும் கருவியில்) ஒப்பிடுங்கள். ஒரு நாள் வேலைதான், ஆனால் பல மாத ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம்.

யூ.ஐ.ஓ.-66-இல் சில இணைப்பிகள் இல்லாமல் போவது சகஜம். அந்தக் காலி இடத்தில் திறந்து நிற்கும் சிர்கோனியமே லூயிஸ் அமிலமாக (எலக்ட்ரான் இணையை ஏற்பதாக) இருந்து வினையை ஊக்கும். நோவனாகல் வினைக்கு (காரம் ஊக்கும் ஒரு கார்பன்-கார்பன் இணைப்பு வினை) வெறும் அமீனே போதும். ஆகவே வெற்று மாஃப், அமீன் மாஃப், உப்பு தனியாக என்று மூன்றையும் அதே வினையில் ஓட்டாமல் உங்கள் உலோகத்துக்குப் பெருமை சேர்க்காதீர்கள்.

உலோகம் கசிகிறதா என்று பார்க்க வினை பாதியில் இருக்கும்போது வடிகட்டுவார்கள். அதைச் சூடாகவே வடிகட்ட வேண்டும். ஆறவிட்டால் கரைசலுக்கு வந்த பல்லேடியம் திரும்பத் திண்மத்தில் படிந்து, கசிவே இல்லை என்பதுபோல் காட்டும். வடித்த நீர்மத்தை அதே சூட்டில் தொடர்ந்து ஓட்டுங்கள், அப்புறம் ஐ.சி.பி.க்கும் கொடுங்கள்.

மாஃபைத் தயாரிக்கப் பயன்படுத்தும் டி.எம்.எஃப். (டைமெத்தில்ஃபார்மமைடு) கரைப்பானைச் சரியாக வெளியேற்றாதது இன்னொரு தவறு. சூட்டில் அது சிதைந்து வரும் ஃபார்மேட், சிர்கோனியக் கணுவில் ஒட்டிக்கொள்ளும். மெத்தனாலில் பல முறை மாற்றிவிட்டு வெற்றிடத்தில் சூடாக்குங்கள்.

மறுபயன்பாட்டுச் சோதனையில் ஐந்து சுற்றும் 99 விழுக்காடு என்று பட்டைப் படம் போடுவதும் வழக்கமாகிவிட்டது. வினை முழுக்க முடிந்த பிறகு அளந்தால், பாதி செத்த வினையூக்கியும் 99 காட்டும். முதல் சுற்றில் மாற்றம் 30 விழுக்காட்டைத் தொட்ட அதே நேரத்தில் ஒவ்வொரு சுற்றையும் நிறுத்தி அளந்து பாருங்கள்.