ஒரே ஆளைப் பலமுறை அளந்த டேட்டாவை ஆர் மென்பொருளில் அலசுவது எப்படி

ஒரே நோயாளிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எடுத்து வைத்திருக்கிறீர்கள், எல்லாம் எக்செல்லில் கிடக்கிறது, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான். எந்த மென்பொருள் என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேட்டா, சாஸ், எஸ்பிஎஸ்எஸ் எல்லாவற்றிலும் இந்த வேலை நடக்கும், கல்லூரியில் உரிமம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நான் ஆர் பக்கம். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கியது, இலவசம், அதைவிட முக்கியமாக, செய்ததெல்லாம் எழுத்தில் நிற்கும். மெனுவைச் சொடுக்கிச் சொடுக்கிச் செய்ததை ஆறு மாதம் கழித்து கைடு கேட்கும்போது யாருக்கும் நினைவிருக்காது. ஆர், அப்புறம் அதில் எழுதி ஓட்ட வசதியான ஆர்ஸ்டுடியோ, இரண்டையும் நிறுவிவிட்டு, இந்த வேலைக்கான துணை நிரலான எல்எம்இ4 பேக்கேஜையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் பல சுற்றுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு லாஞ்சிட்யூடினல் டேட்டா, அதாவது ஒரே ஆட்களைத் தொடர்ந்து அளந்த டேட்டா, என்று சொல்கிறவர்கள் உண்டு. அது அப்படி இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு வீடுகள். ஒரே ஆளைத் தொடர்ந்து அளந்திருந்தால்தான் கீழே சொல்வது பொருந்தும்.

டேட்டாவை ஒழுங்குபடுத்துவதில்தான் பாதி நேரம் போகும், போகட்டும். எக்செல்லில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வரிசை, பக்கத்தில் விசிட் 1, விசிட் 2 என்று நெடுவரிசைகள் இருக்கும். நமக்கு வேண்டியது விசிட்டுக்கு ஒரு வரிசை: ஆள் எண், எத்தனையாவது மாதம், அளவு. டைடிஆர் பேக்கேஜில் இதற்கென்றே பிவட்-லாங்கர் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அப்போதே மூன்று விஷயங்களைப் பாருங்கள்: 007 என்ற ஆள் எண்ணை எக்செல் வெறும் 7 ஆக்கியிருக்கிறதா, விடுபட்ட இடத்தில் யாராவது 999 என்று போட்டு வைத்திருக்கிறார்களா, தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றனவா. அந்த 999 சராசரிக்குள் புகுந்துவிட்டால் அதன்பிறகு வரும் எதையும் நம்ப முடியாது.

சொந்த டேட்டாவைத் தொடும் முன் பழகிப் பார்க்க எல்எம்இ4 உடனே வரும் ஸ்லீப்ஸ்டடி டேட்டா நல்லது. 18 பேர், 10 நாட்கள், மொத்தம் 180 வரிசை. தூக்கத்தை இரவுக்கு 3 மணி நேரமாகக் குறைத்து, தினமும் அவர்கள் எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறார்கள் என்று மில்லிவிநாடியில் அளந்தார்கள். முதலில் ஆளுக்கு ஒரு கோடாக வரைபடம் போடுங்கள். 308 என்ற ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 22 மில்லிவிநாடி ஏறுகிறது. 335 என்பவருக்கோ லேசாக இறங்குகிறது, மனிதர் தூங்காமலே நன்றாக இருந்திருக்கிறார் போல!

இப்போது சாதாரண ரெக்ரஷன், அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே கோடு, போட்டால் நாளுக்கு 10.47 மில்லிவிநாடி கூடுகிறது (இதுதான் சாய்வு), அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் திட்டப் பிழை 1.24 என்று வரும். ஆர் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் அந்த 180 வரிசையும் 180 வெவ்வேறு ஆட்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. இதற்காகத்தான் மிக்ஸட் மாடல், பொதுவான போக்கையும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்தே கணக்கிடுவது. எல்எம்இ4 தரும் எல்மெர் கட்டளையில் நாள் என்று எழுதிய பிறகு கூட்டல் குறி போட்டு, அடைப்புக்குள் 1, நெட்டுக்கோடு, ஆள் எண் என்று கொடுத்தால், ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் தொடங்கலாம் என்று அர்த்தம். சாய்வு அதே 10.47, ஆனால் திட்டப் பிழை 0.80 ஆகச் சுருங்கிவிடும். சந்தோஷப்பட்டு இங்கேயே நிறுத்துகிறவர்கள் நிறைய. வரைபடம் என்ன காட்டியது? 308-ம் 335-ம் ஒரே வேகத்தில் ஏறவில்லையே. ஆகவே அந்த 1 இருக்கும் இடத்தில் நாள் என்று மாற்றுங்கள், சாய்வும் ஆளுக்கு ஆள் மாறும். இப்போது திட்டப் பிழை 1.55. சாய்வு மாறாமலே, அதில் நமக்கு இருக்கும் நிச்சயம் மட்டும் பாதியாகிவிட்டது, நேர்மையான எண் இதுதான். ஒவ்வொருவரின் சாய்வையும் கோயெஃப் கட்டளையால் எடுத்துப் பார்த்தால் 308-க்கு 19.7, 335-க்கு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒற்றை ஆளின் டேட்டாவை முழுசாக நம்பாமல் கூட்டத்தின் சராசரி பக்கம் கொஞ்சம் இழுத்துவிடுகிறது மாடல்.

பி மதிப்பு, அதாவது உண்மையில் மாற்றமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, எங்கே என்று தேடாதீர்கள், எல்எம்இ4 வேண்டுமென்றேதான் அதைத் தருவதில்லை. ஜர்னல் கேட்டால் எல்மெர்டெஸ்ட் பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்குலர் ஃபிட் என்று செய்தி வந்தால், இருக்கும் டேட்டாவுக்கு மாடல் பெரிதாகிவிட்டது என்று பொருள் கொள்ளலாம், ஆள் குறைவாக இருக்கும்போது அடிக்கடி வரும்.

பாதியில் வராமல் போனவர்களைத் தூக்கி எறிய வேண்டாம். இதே வேலைக்கு முன்பு பயன்படுத்திய ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா என்ற பழைய முறை ஒரு விசிட் விட்டுப்போனாலே அந்த ஆளையே கழித்துவிடும், மிக்ஸட் மாடல் இருப்பதை வைத்து வேலை செய்யும். ஆனால் நோய் முற்றியதால்தான் வரவில்லை, அதுவும் ஏற்கெனவே பதிந்த அளவுகளில் தெரியாத காரணம் என்றால் எந்த மாடலும் தானாகச் சரிசெய்யாது. யார் ஏன் நின்றார்கள் என்று களப்பணியாளரிடம் கேட்டு ஒரு நெடுவரிசையில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, ஸ்லீப்ஸ்டடியின் உதவிப் பக்கத்தைப் படித்தால் 0, 1 ஆகிய நாட்கள் வெறும் பழக்கத்துக்கு, தூக்கத்தைக் குறைத்ததே 2-ம் நாளுக்குப் பிறகுதான் என்று இருக்கும். அந்த 36 வரிசையையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் சாய்வு 11.4 ஆகிறது. உங்கள் டேட்டாவிலும் முதல் விசிட் என்பது மருந்து தொடங்கும் முன்பா பின்பா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஆர்ஸ்டுடியோவைத் திறங்கள்.