பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்கும் முன்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குப் பாலிஷ் போடுவது என்றால் பளபளப்பான ஏதோ ஒன்றை மேலே பூசுவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். பூசுவதற்கு உரியது வேக்ஸ். பாலிஷ் செய்வது பெயின்ட்டின் மேற்பரப்பை மிக நுண்ணிய அளவில் தேய்த்து எடுக்கும் வேலை. இன்றைய கார்களில் வண்ணத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் கனமே உடையது. அது பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இராது. தேய்ந்து போனால் மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, எடுத்த எடுப்பில் காம்பவுண்ட் எனப்படும் கடுமையான தேய்ப்புப் பசையையும், மெஷினில் மாட்டும் கம்பளி பேடையும் பயன்படுத்துவதே முதல் தவறு. காம்பவுண்ட் சொரசொரப்பான உப்புத்தாள் போன்றது, பாலிஷ் நைசான உப்புத்தாள் போன்றது. ஒன்றரை அடிச் சதுரத்தில் மென்மையான ஃபோம் பேடும் நைசான பாலிஷும் கொண்டு முயன்று பார்த்து, கீறல் போகாவிட்டால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். பேடின் நிறத்தை வைத்து அதன் கடுமையை முடிவு செய்யக் கூடாது. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நகத்தால் வருடும்போது தட்டுப்படும் கீறல் ஆழமானது, அதை முழுவதும் எடுக்க முயல வேண்டாம்.

ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுழல்வதால் சூடு விரைவில் ஏறும். பழகாத கையில் அது ஹோலோகிராம் எனப்படும் தேய்ப்புத் தடங்களை விட்டுவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுழல்வதோடு சிறு வட்டத்தில் அசையவும் செய்யும். இதன்மேல் எழுதியிருக்கும் 15 எம்.எம்., 21 எம்.எம். என்பது அந்த அசைவின் அகலம்; பேடின் அளவென்று நினைத்துப் பேட் வாங்குபவர்கள் உண்டு. இந்த மெஷினை அழுத்திப் பிடித்தால் சுழற்சி நின்று, வெறும் அதிர்வு மட்டுமே மிஞ்சும். பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அது மெதுவாகச் சுற்றி வருவது கண்ணுக்குத் தெரியும் வரை உங்கள் அழுத்தம் சரி, கோடு ஓரிடத்தில் நின்று நடுங்கினால் கையைத் தளர்த்துங்கள்.

வண்டியைக் கழுவி, க்ளே பார் எனப்படும் களிமண் போன்ற கட்டியால் ஒட்டுத்துகள்களை நீக்காமல் தொடங்கினால் அந்தத் துகளே புதுக் கீறல் போடும். கீழே விழுந்த பேடையும் கழுவாமல் மீண்டும் வைக்காதீர்கள். கதவு, பானெட் விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டுவது அவசியம். வெயிலில் சுடும் பானெட்டில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும், நிழலில் வண்டி ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

முடித்ததும் தெரியும் மினுமினுப்பை அப்படியே நம்பிவிடுவதுதான் பலரும் கவனிக்காத தவறு. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்து, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற ஸ்வர்ல் கீறல்கள் அப்போதும் தெரியாவிட்டால் வேக்ஸ் பூசலாம்.