கணினி தொடங்கும்போது வரும் செய்திகளைப் பதிவில் பிடித்து வைப்பது எப்படி?

லினக்ஸ் கணினியை இயக்கியதும் திரையில் விரைந்தோடி மறையும் வரிகளில், எந்த வட்டு கண்டறியப்பட்டது, எந்த டிரைவர் ஏற்றப்பட்டது, எந்தச் சேவை தொடங்க மறுத்தது என்பதெல்லாம் இருக்கும். ஒருமுறை என் கணினி தொடக்கத்தின் பாதியிலேயே நின்றுவிட்டது. அணைத்து மீண்டும் இயக்கியபோது ஒழுங்காக வந்துவிட்டது. ஆனால் முதல் முறை ஏன் நின்றது என்பதைச் சொல்லியிருக்க வேண்டிய வரிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பதிவு நினைவகத்தில் மட்டுமே இருந்ததுதான் காரணம். ஆகவே, கோளாறு வருவதற்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி’ என்று கொடுத்துப் பாருங்கள். லினக்ஸின் மையக்கருவான கெர்னல் தன் செய்திகளை நினைவகத்தில் ஒரு வளையத் தாங்கியில் (ரிங் பஃபர்) எழுதுகிறது. அது நிரம்பியதும் பழைய வரிகளின் மேலேயே புதியவை எழுதப்படும். ஒவ்வொரு வரியின் முன்னும் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், கெர்னல் தொடங்கியதிலிருந்து கடந்த நொடிகளைக் காட்டும். ஒரு வரியில் 3.214507 என்றும் அதற்கடுத்த வரியில் 33.870112 என்றும் இருந்தால், இடையில் ஏறத்தாழ 30 நொடிகள் கணினி எதற்காகவோ காத்திருந்திருக்கிறது. தொடக்கம் தாமதமாகும்போது செய்தியைப் படிப்பதற்கு முன் இந்த இடைவெளியைத் தேடுவதே என் வழக்கம்.

அடுத்தது, செய்திகளை வட்டில் நிலைக்கச் செய்வது. சேவைகளைத் தொடங்கி மேலாண்மை செய்யும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் ஜர்னல்டி என்னும் சேவை, கெர்னலின் செய்திகளையும் மற்றச் சேவைகளின் செய்திகளையும் ஒன்றாகத் திரட்டுகிறது. ‘ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்’ என்ற கட்டளைக்கு, பலமுறை மறுதொடக்கம் செய்த பிறகும் ஒரே ஒரு வரிதான் வருகிறதென்றால், உங்கள் பதிவு வட்டில் சேரவில்லை என்று பொருள். அப்போது இடிசி கோப்புறைக்குள் உள்ள சிஸ்டம்டி கோப்புறையில் ஜர்னல்டி.கான்ஃப் என்ற கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘ஸ்டோரேஜ்’ என்று தொடங்கும் வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, அதன் மதிப்பை ‘பெர்சிஸ்டன்ட்’ என்று மாற்றிச் சேமியுங்கள். அந்தக் கோப்பே இல்லையென்றால், வார் கோப்புறையின் லாக் கோப்புறைக்குள் ‘ஜர்னல்’ என்றொரு கோப்புறையை உருவாக்கினாலும் பெரும்பாலும் போதும். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன்பின் வரும் ஒவ்வொரு தொடக்கமும் தனித்தனியே பதிவாகும்.

இனிப் படிப்பது எளிது. ‘ஜர்னல்சிடிஎல் --பூட்’ நடப்புத் தொடக்கத்தைக் காட்டும்; ‘--பூட்=-1’ என்றால் அதற்கு முந்தையது. கூடவே ‘--பிரயாரிட்டி=3’ என்று சேர்த்தால் பிழைகளும் அவற்றைவிடக் கடுமையானவையும் மட்டும் வரும். இருப்பினும் புதியவர்கள் ஒருமுறையாவது முழுப் பதிவையும் படிக்க வேண்டும். பிழைக்கான காரணம் பல நேரங்களில் அதற்கு முன்னுள்ள சாதாரண வரியில்தான் இருக்கும்.

ஒரு வரம்பையும் அறிந்திருக்க வேண்டும். ஜர்னல்டி இயல்பாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறையே பதிவை வட்டில் உறுதிப்படுத்துகிறது. மிகக் கடுமையான செய்திகளை மட்டும் உடனே எழுதுகிறது. ஆகவே திடீரென மின்சாரம் போனால் கடைசி வரிகள் இல்லாமல் போகலாம். வட்டு இணைக்கப்படுவதற்கு முன்பே தொடக்கம் நின்றுவிட்டால் எதுவுமே சேராது. அப்படிப்பட்ட நிலையில், லினக்ஸை ஏற்றிவிடும் நிரலான கிரப் தொடக்கத்தில் காட்டும் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியிலுள்ள ‘குவையட்’, ‘ஸ்பிளாஷ்’ என்ற சொற்களை நீக்கிவிட்டு, கன்ட்ரோலுடன் எக்ஸ் விசையை அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே செல்லும். செய்திகள் திரையில் வெளிப்படையாக ஓடி, நிற்கும் இடத்தில் நிற்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.