பச்சையில் பறித்த பீர்க்கு நாராகாது

புதிதாக நுரைப்பீர்க்கு வளர்த்த நண்பர் ஒருவர், ஐந்து மாதம் பந்தலில் ஏற்றிக் காத்த கொடியிலிருந்து எட்டுக் காய்களை ஒரே நாளில் பறித்து, தோலைச் சீவி வெயிலில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் நான் பார்த்தபோது அவை கறுத்துச் சுருங்கி, ஈ மொய்த்துக் கிடந்தன. என் முதல் விளைச்சலும் இப்படித்தான் வீணானது. வெயிலும் தண்ணீரும் வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பு தேய்க்கவும் பாத்திரம் துலக்கவும் நல்ல பீர்க்கங்கூடு, அதாவது முற்றிய காயின் உலர்ந்த நார்ப்பின்னல், வேண்டுமென்று இந்தக் கொடியை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காலந்தாழ்த்தி விதைப்பது

கறிக்கான பிஞ்சு சீக்கிரமே கிடைத்துவிடும். நாருக்கென்றால், விதைத்த நாளிலிருந்து ஐந்து அல்லது ஆறு மாதம் உறைபனி இல்லாத வெப்பமான காலம் தேவைப்படும். விதையின் மேலோடு கடினமானது என்பதால், ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகே ஊன்ற வேண்டும். குளிர்ந்த மண்ணில் இட்டால் அது முளைக்காமல் அழுகிவிடும். கடுங்குளிர் உள்ள இடங்களில், வீட்டுக்குள் சிறு தொட்டிகளில் நாற்றாக்கி, மண் சூடேறிய பின் வெளியே நடுவது நல்லது.

தரையில் படரவிடுவது

மண்ணில் கிடக்கும் காய் கோணும், அழுகும். பந்தலைக் கட்டிவிட்டு விதையுங்கள்.

ஆண்பூ உதிர்வதைக் கண்டு உரமிடுவது

முதலில் கொத்துக் கொத்தாகப் பூத்து உதிர்பவை ஆண்பூக்கள்; அவை உதிர்வது இயல்பு. பதறிப்போய்த் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும். அடியில் பிஞ்சைத் தாங்கிய பெண்பூ தனியாகப் பின்னால் வரும்.

பச்சையில் பறிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். மற்ற தவறுகளில் நான்கைந்து காய்கள் போகும். இதில் ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் போய்விடுகிறது. காய் முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் முற்றிவிட்டதென்று நம்பிவிடுகிறோம். ஆனால் காய் நீளுவதும் நார் முற்றுவதும் வெவ்வேறு காலத்தில் நடப்பவை. நாம் நார் என்று சொல்வது, காய்க்குள் நீரையும் ஊட்டத்தையும் கொண்டுசெல்லும் குழாய்த் திசுக்களின் பின்னல். பிஞ்சில் அவை மென்மையாக இருப்பதால்தான் சமைத்து உண்ண முடிகிறது. காய் முழு அளவை எட்டிய பிறகு, வாரக்கணக்கில் கொடியிலேயே தொங்கும்போதுதான் அவற்றின் சுவர்களில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் படிந்து உறுதி ஏறுகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் நீராவிக் கப்பல்களின் இயந்திரங்களில் வடிகட்டியாகப் பயன்படும் அளவுக்கு உறுதியாக இருந்தது அப்படி முற்றிய கூடுதான்.

பச்சைக் காயில் தோல் சதையோடு ஒட்டியிருக்கும். கத்தியால் சீவும்போது வெளிப்புற நாரும் சேர்ந்து அறுபடும். எஞ்சியது உலரும்போது தட்டையாக ஒடுங்கும், இல்லையேல் அழுகும். முதலாண்டில் நான் பதினொரு காய்களைச் சீவினேன். தேய்க்க உதவும் துண்டு ஒன்றுகூடத் தேறவில்லை.

முற்றியதை அறிய நான் பார்ப்பவை மூன்று. பச்சை மங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருக்க வேண்டும். கையில் தாங்கினால், அந்தப் பருமனுக்கு இவ்வளவு எடைதானா என்று வியக்கும்படி இலேசாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தும்போது தோல் உள்ளிருந்து விலகி நொறுங்க வேண்டும். குலுக்கும்போது விதைகள் கலகலத்தால் இனி ஐயமே வேண்டாம். அதற்காக, முற்றிய காயைத் தொடர்மழையில் விட்டுவைப்பதும் தவறு. உள்ளே பூசணம் பிடித்து நாரில் கரும்புள்ளி விழும். உறைபனி வரப்போகிறதென்றால், மஞ்சளாகத் தொடங்கிய காய்களைப் பறித்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு உலர்த்தலாம். முழுப் பச்சையாக இருப்பவற்றைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவே பருவத்தின் கடைசியில் பிடிக்கும் பிஞ்சுகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால், கொடியின் ஊட்டம் முன்னே பிடித்த காய்களுக்குச் சேரும்.

விதையோடு நனைப்பது

நனைக்கும் முன், காம்புக்கு எதிர்ப்பக்கமுள்ள அடிமுனை மூடியைத் திறந்து, கருத்த விதைகளை உதிர்த்துவிடுங்கள்.

அரைகுறையாகக் கழுவுவது

உரித்த கூட்டில் வழவழப்பான சாறு தங்கியிருக்கும். அதைப் போக்காமல் காயவைத்தால் நார் பழுப்பேறி நாற்றமடிக்கும். நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, பிழிந்த நீர் தெளிவாக வரும்வரை கழுவி, எல்லாப் பக்கமும் வெயில் படும்படி திருப்பித் திருப்பிக் காயவைக்க வேண்டும். வெண்மைக்காக வெளுப்பு நீரில் நெடுநேரம் ஊறவைத்தால் நார் வலுவிழக்கும். இளமஞ்சள் அதன் இயல்பான நிறம். நான் அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஈரத்தோடு குளியலறையிலேயே விடுவது

நாரின் இடுக்குகளில் சிக்கும் இறந்த தோலும் ஈரமும் நுண்ணுயிர்களுக்கு நல்ல இருப்பிடம். பயன்படுத்திய பீர்க்கங்கூட்டில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகித் தோலுக்குப் பரவக்கூடும் என்பதை 1994-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒவ்வொரு முறையும் அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றில் உலர்த்துங்கள்; மூன்று, நான்கு வாரங்களில் மாற்றிவிடுங்கள். புண் உள்ள இடத்திலும், மழித்த உடனேயும் தேய்க்க வேண்டாம். குளியலுக்கு உதவாத துண்டைத் தொட்டியோ தரையோ தேய்க்க வைத்துக்கொள்ளலாம். அதுவும் நைந்த பிறகு துண்டுகளாக வெட்டி உரக்குழியில் போட்டால் மக்கிவிடும்.