வீட்டுக்குள் உதைக்க ஒரு துணிப் பந்து

கடையில் வாங்கிய ஸ்பாஞ்ச் பந்து எகிறி எகிறி டிவி மேலேயே போய் விழுந்துகொண்டிருந்தது. ஃபுட்சால் என்ற உள்ளரங்கக் கால்பந்தின் விதிப்படி, 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் பந்து 65 செ.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது. வீட்டுக்கு அதுவே அதிகம். நானே தைத்துவிட்டேன்.

ஃபிலீஸ் என்ற மெத்தென்ற துணியில் 12 ஐங்கோணத் துண்டுகள். இந்தத் துணி ஒரு வாக்கில் மட்டும் நன்றாக இழுபடும். எல்லாத் துண்டும் அதே வாக்கில் அமைந்தால் பந்து முட்டையாக நீண்டுவிடும். அதனால் பக்கத்துத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்தேன். வெறும் தலையணைப் பஞ்சு அடைத்தால் காலுக்குக் கனமே தெரியாது. பழைய பனியன் துணியை இறுக்கிச் சுருட்டி நடுவில் வைத்து, சுற்றிலும் பஞ்சைத் திணித்தேன். அருமையாக உருள்கிறது! துவைத்தால் உள்ளே காயாது. ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.