படகை விட்டுக் கிளம்பும்போது ஃபிரிட்ஜை ஓடவிடலாமா?

பயணம் முடிந்து படகைக் கட்டியாகிவிட்டது. ஃபிரிட்ஜில் இன்னும் கொஞ்சம் சாமான் மிச்சம். அடுத்த வாரம் வரத்தானே போகிறோம், ஓடட்டும் என்று தோன்றும். ஸ்விட்சைத் தொடும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

1. பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால் நாளில் 40 சதவீத நேரம் என்று வைத்துக்கொள்வோம். 4 × 24 × 0.4, அதாவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, ஒன்றேகால் நாள்தான் தாங்கும். வெயில் காலத்தில் அதுவும் இருக்காது.

2. பில்ஜ் பம்ப் எந்த பேட்டரியில் இருக்கிறது?

எனக்கு உண்மையான பயம் இதில்தான். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்பும் ஃபிரிட்ஜும் பெரும்பாலும் ஒரே பேட்டரியில் இருக்கும். ஃபிரிட்ஜ் அதைக் காலி செய்த பிறகு எங்காவது கசிவு வந்தால் பம்ப் ஓடாது, படகு மூழ்கலாம். ஃபிரிட்ஜுக்குள்ளேயே வோல்ட் குறைந்தால் நிற்கும் ஏற்பாடு இருக்குமே என்பீர்கள். இருக்கும், ஆனால் பலவற்றில் அது 10.4 வோல்ட்டில்தான் நிற்கிறது. ஓய்வில் 12.2 வோல்ட் காட்டும்போதே லெட் ஆசிட் பேட்டரி பாதி காலி. உங்கள் மாடலில் இந்த அளவை உயர்த்த வழியிருந்தால் உயர்த்திவிடுங்கள்.

3. கரை மின்சாரமும் சோலாரும்

கரை மின்சாரம் (கட்டியிருக்கும் துறையிலிருந்து கேபிள் வழியாக வருவது) இருந்து சார்ஜரும் நன்றாக வேலை செய்தால் ஓடவிடலாம். ஆனால் பிரேக்கர் விழுந்துவிட்டால் அங்கே பார்க்க ஆள் இல்லை. ஃபிரிட்ஜ் பேட்டரிக்கு மாறிவிடும். சோலார் என்றால், 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணி தந்தாலே அதிகம். 200 வாட்டுக்குக் குறைவாக, அதுவும் பாய்மரத்தின் நிழல் விழும் இடத்தில் இருந்தால் நம்பாதீர்கள்.

4. ஓடவிட்டால் ஒரு நாணயம் வையுங்கள்

ஒரு கப் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது அது பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால் நடுவில் மின்சாரம் போய் எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. அப்படியானால் இறைச்சி, பால், மீன் எதையும் சாப்பிட வேண்டாம்.

5. அணைப்பதாக இருந்தால்

மற்றபடி, இரண்டு நாளுக்கு மேல் போவதாக இருந்தால் அணைப்பதே நல்லது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பனியை உருகவைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடையுங்கள். அப்புறம் நன்றாகக் காயவிட்டு, கதவுக்கு இடையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்துத் திறந்தே விடுங்கள். மூடினால் பூஞ்சை பிடிக்கும்.